முழுத்திரையில் ஒரு பொட்டு

9

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று இருபது.

ஷீபா அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு மூச்சு விட்டிருப்பாள், மறுபடியும் நிமிர்ந்து பார்த்தாள். அப்போதும் மூன்று இருபதுதான். நான்கு மணிக்கு ஊர்ப் பெரிய விவசாயி சேட்டு வருவார். இந்தக் கடையில் இருக்கும், கேமராப் படம் ஏற்றிய பென் டிரைவை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் ஸ்டேஷனுக்குப் போவார். அதற்கப்புறம் பெஞ்சமின் அவளுடைய புருஷனாக மட்டும் இருக்க மாட்டான். மானாம்பதியில் வைக்கோல் போருக்குத் தீ வைத்தவன் என்று பேராகிவிடும்.

காலையிலிருந்தே காலனி முனையில் புளியமரத்தடியில் ஆறு பைக்குகள் நின்றுகொண்டிருந்தன. ஊர்த்தெருவிலிருந்து வந்த பையன்கள் கத்தவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். திட்டியிருந்தால்கூட ஷீபாவுக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழேகாலுக்குச் சேட்டுவின் களத்தில் போர் எரிந்தது. சொர்ணவாரிப் பட்டத்தில் அறுத்துப் போட்ட வைக்கோல், ஆறு மாட்டுக்கு ஒரு வருஷத் தீனி. பக்கத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டிக்கு முதுகெல்லாம் வெந்துபோனது. அதற்கு முதல் நாள்தான் சேட்டு நடுத்தெருவில் நின்று, "வரப்ப வெட்டி வுட்டது நீதான்டா" என்று பெஞ்சமினைத் திட்டியிருந்தார். அவனும் சும்மா இல்லாமல் "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். புதன்கிழமை விடியலில் பழையசீவரத்துக்குக் கட்டட வேலைக்குப் போனவன் வியாழன் மத்தியானம் ஆகியும் திரும்பவில்லை. போனும் அணைந்து கிடந்தது. ஓடிவிட்டான் என்று ஊர் சொல்ல இது போதாதா?

போதாதென்று இந்தப் படம் வேறு.

"இன்னொரு தபா போடுங்க அக்கா" என்றாள் தேவகி.

தேவகிக்கு நாற்பது வயது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறையில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். பெரும்பாலும் கல்யாண மாப்பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கிற வேலை. கழுத்தில் துளசி மணி, கையில் ஒரு சின்ன நோட்டு. இன்று காலை ஷீபா அழுதுகொண்டே போய் நின்றபோது அவள் முதலில் கேட்டது வழக்கைப் பற்றி அல்ல. "சாப்ட்டியா?" என்றுதான் கேட்டாள். ஷீபா இல்லையென்று தலையாட்டியதும் இரண்டு இட்லியை எதிரில் வைத்து, அவள் உண்டு முடிக்கும் வரை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு இட்லியின் பலத்தில்தான் ஷீபா இப்போது நின்றுகொண்டிருக்கிறாள்.

கடைக்காரி தமிழ்ச்செல்வி விசைப்பலகையில் நீளமான பட்டனைத் தட்டினாள். விதையும் உரமும் விற்கும் அந்தக் கடையில், உர மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேஜை மேல் அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் ஓடும் வாசல் கேமரா பதிவு செய்ததுதான் இந்தப் படம். படம் திரை முழுக்க, ஓரமே தெரியாமல் நிறைந்து ஓடியது.

வெறிச்சோடிய தெரு, அணைந்து நிற்கும் தெருவிளக்கு. ராத்திரி கேமராவின் சாம்பல் வெளிச்சத்தில் ஒருவன் வந்தான். கட்டம் போட்ட சட்டை, வலது கையில் ஒரு வெள்ளை கேன், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும் நடை. களத்துப் பக்கம் திரும்பிப் போய்விட்டான்.

அந்த நடை ஷீபாவுக்குத் தெரியும். சட்டையும் தெரியும்.

தேவகியிடம் அவள் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயமும் இருந்தது. அந்தச் சட்டையில் டீசல் வாசனை வந்தது. ஒருநாள் ராத்திரி பெஞ்சமின் வீட்டுக்கு வந்தபோது வந்தது. "இன்னாய்யா வாசன இது?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, தொவச்சிப் போடு" என்றான். அது எந்த ராத்திரி? போன வாரமா, இந்த வாரமா? பயம் எல்லா நாட்களையும் ஒன்றாகக் கலக்கி வைத்துவிட்டது. நேற்று ஊரெல்லாம் இந்தப் படத்தைப் பற்றிப் பேசியபோது ஷீபா கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சட்டையை மறுபடியும் துவைத்தாள். மூன்று முறை துவைத்தாள். வாசனை போகவில்லை.

புளியமரத்தடிப் பையன்களைவிட அந்த வாசனைக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

"மேல பாருங்க மேடம்" என்றான் வசந்த்குமார், தேவகியின் உதவியாளன். முப்பது வயது, பருத்த உடம்பு. "செவ்வாய்க்குண்டான மூணு இங்கிலீஷ் எழுத்து தெரியுது. பக்கத்துல மணி ஏழு நாலு. பதினோரு நிமிஷம் கழிச்சு நெருப்பு. கேமரா பொய் சொல்லாது. மாப்ள வூட்டுக்காரங்கதான் சொல்லுவாங்க."

"முன்னாடி தேதி இருக்குமே?"

"இருக்கும். ஆனா அது மேல சாமி உக்காந்துக்கினு கீறாரு."

உண்மைதான். திரையின் இடது மேல் மூலையில், கண்ணாடியின் மேலேயே, ஒரு ரூபாய் காசு அகலத்துக்குச் சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் இருந்தன. வசந்த் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு கையை நீட்டினான்.

"தொடாதே வசந்த்."

தேவகி குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவன் கை பாதியில் நின்றது.

"இது இவங்க கும்புடற பொட்டு. வெளியூரு ஆள் நீ அழிச்சேன்னு வெளிய போச்சுன்னா, நீ அழிச்சேன்னு சொல்ல மாட்டாங்க." அவள் ஷீபாவைப் பார்த்தாள். அவ்வளவுதான். ஷீபா கழுத்துச் சிலுவையைச் சேலைக்குள் தள்ளிவிட்டு ஓரடி பின்னால் போய் நின்றாள்.

தமிழ்ச்செல்வியின் முகம் இளகியது. "நல்லா சொன்ன தாயி. ஆயுத பூஜைக்கு வெக்கறதுதான். தராசு, கல்லா, கம்ப்யூட்டர், எல்லாத்துக்கும் வெப்பேன். சோறு போடறது அதுதானே?"

தேவகி தராசைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்தாள். நோட்டில் ஏதோ குறித்தாள்.

"படத்த யாரு எடுத்துக் குடுத்தது அக்கா?"

"எங்க தமிழ்வாணன்தான். செத்துப்போன எங்க அக்கா மவன். ஏனாத்தூர் காலேஜ்ல படிச்ச புள்ள, அவன் மாமன், எங்க சேட்டு அண்ணன் வூட்லதான் கீறான். நேத்து வந்து உக்காந்து தேடி எடுத்துப் போட்டான். ஊரே இந்த வாசல்ல நின்னு பாத்துச்சு."

"செவ்வாக்கிழம தீய எப்டி அணைச்சீங்க?"

"போர்வெல் மோட்டாரப் போட்டு ஓஸ் பைப்ல அடிச்சாங்க. இல்லன்னா மாட்டுக் கொட்டாயும் போயிருக்கும்."

தேவகி திரையில் அணைந்து நின்ற தெருவிளக்கை ஒரு முறை பார்த்தாள். நோட்டை மூடினாள்.

"கிளம்பலாம் வசந்த். பழையசீவரம் போய் பெஞ்சமினக் கண்டுபிடிக்கணும். அவன் வாயாலயே கேக்கணும்."

மூன்று முப்பத்து நான்கு. அரை மணி நேரத்தில் பழையசீவரம் போய் வர முடியாது. ஷீபாவுக்கும் அது தெரியும், தேவகிக்கும் தெரிந்திருக்கும். கதவு வரை போய்விட்டார்கள்.

"ஏம்மா" என்று பின்னாலிருந்து தமிழ்ச்செல்வி கூப்பிட்டாள். குரலில் கூச்சம். "வந்ததுதான் வந்தீங்க, இந்தப் படத்தக் கொஞ்சம் சின்னதாக்கிக் குடுத்துட்டுப் போறீங்களா? நேத்துலேந்து திரை முழுக்க இதுவேதான் நிக்குது. வெளிய வர மாட்டேங்குது. திரையோட சுச்ச நிறுத்திப் போட்டாலும் மறுபடி இதேதான். தேடி வர்றவங்க மழ எப்போன்னு கேக்கறாங்க, பாத்துச் சொல்ல முடியல. நாத்து வுட்டவங்க பாவம்."

வசந்த் கடிகாரத்தைப் பார்த்தான். "அக்கா, இங்க ஒரு குடும்பமே பேஜார்ல கீது. நீங்க வானிலை கேக்கறீங்களே."

ஷீபாவுக்கும் கத்த வேண்டும் போல இருந்தது. என் புருஷன் தலை போகுது, உனக்குக் கம்ப்யூட்டரா? வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

தேவகி திரும்பி வந்தாள். நாற்காலியை இழுத்து வசந்துக்குப் போட்டாள்.

"பண்ணிக் குடு."

"மேடம்..."

"வாயத் தொறந்து கேட்டுட்டாங்க. அஞ்சு நிமிஷம். கேட்டவங்கள வுட்டுட்டுப் போனா போற காரியத்துல எனக்கு மனசு நிக்காது."

வசந்த் உட்கார்ந்தான். எஸ்கேப் பட்டனை அழுத்தினான். படம் அசையவில்லை. இரண்டு முறை, ஐந்து முறை அழுத்திப் பார்த்தான். எஃப் எழுத்தை அழுத்தினான். அதுவும் வேலை செய்யவில்லை. விசைப்பலகையைத் தூக்கிச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, இன்னா இது? பாயாசத்துல முந்திரி மாதிரி ஒவ்வொரு பட்டனும் முழுவிக் கீதே?"

தமிழ்ச்செல்வி சேலை முனையை வாயில் வைத்துக்கொண்டாள். "பூஜை அன்னிக்குச் சந்தனம் கொஞ்சம் தண்ணியாப் போச்சு. இடப்பக்கம் ஒரு வழிசல். நடுவுல ஒரு பொட்டு."

"வழிசல் எஸ்கேப்பு, ஆல்ட்டு, விண்டோசு எல்லாத்தையும் சாப்ட்டுடுச்சு. நடுப்பொட்டு கரெக்டா எஃப் மேல. வெளிய வர்றதுக்கு இருக்கற கதவுக்கெல்லாம் பக்தியாலயே பூட்டு போட்டுட்டீங்க. வெளிய வர வழி வேணும்னா அந்தக் கம்ப்யூட்டர் யாரக் கேக்கும்?"

"சிரிக்காத" என்றாள் தேவகி.

"சிரிக்கல மேடம். பயம். பயந்தா எனக்கு வாய் நிக்காது." அவனும் பயந்திருப்பதை அப்போதுதான் ஷீபா கவனித்தாள். ஏனோ அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "சரி, மவுஸ் கீது. படத்து மேல ரெண்டு தபா டக்குடக்குன்னு தட்டினா போதும், சின்னதாயிடும்."

தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. அம்புக்குறி திரைக்கே வரவில்லை. வயர் இல்லாத மவுஸ் அது. கவிழ்த்து மூடியைத் திறந்தான்.

"எலிக்கு வவுறு காலி. என்ன மாதிரியே. பேட்டரி எங்கக்கா?"

"தமிழ்வாணன் எடுத்துனு போனான். தீந்துபோச்சு, புதுசு வாங்கியாறேன்னான்."

"எப்போ?"

"நேத்துதான். படம் போட்டு முடிச்சதும்."

தேவகியின் கண் ஒரு கணம் அசையாமல் நின்றது. "படம் போடற வரைக்கும் மவுஸ் ஓடுச்சு?"

"ஓடுச்சே."

மூன்று நாற்பத்தொன்று. வெளியே தூரத்தில் பைக் சத்தம் கேட்டது. ஷீபா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சத்தம் நெருங்கி, கடையைக் கடந்து போய்விட்டது. எதிர்ச் சுவரில் கடிகாரம் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதையே வெறித்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் தோன்றியது.

"அண்ணா" என்றாள். குரல் தேய்ந்து வந்தது. "அந்தக் கடியாரம் பேட்டரிலதானே ஓடுது?"

வசந்த் அண்ணாந்து பார்த்தான். பிறகு ஷீபாவைப் பார்த்தான். "மேடம், என் வேலைக்கு ஆபத்து. இந்தப் பொண்ணு நம்ம ஆபீஸ்க்கு வந்தா நான் டீக்கடதான் வெக்கணும்."

தமிழ்ச்செல்வி தலையசைத்தாள். அவன் ஸ்டூல் மேல் ஏறிக் கடிகாரத்தை இறக்கினான். பேட்டரியை உருவினான். டிக் டிக் நின்றது. மூன்று நாற்பத்திரண்டில் முள்ளும் நின்றுவிட்டது. அன்று முழுவதும் ஷீபாவைத் துரத்திய சத்தம் ஓய்ந்ததும் கடைக்குள் திடீரென்று கோயில் மூலஸ்தானம் போல அமைதியானது.

மவுஸின் வயிற்றில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. வசந்த் படத்தின் நடுவில் இரண்டு முறை தட்டினான்.

படம் சுருங்கியது.

திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டியாக வந்து நின்றது. பின்னால் நீல நிறமும் சில பொம்மைகளும் தெரிந்தன. பொட்டு அதன் இடத்திலேயே, மூலையிலேயே இருந்தது. அதன் அடியிலிருந்து படம் மட்டும் நழுவி வந்துவிட்டது. படத்தின் இடது மேல் ஓரம் இப்போது திறந்து கிடந்தது.

"வந்துடுச்சு!" என்று கைதட்டினாள் தமிழ்ச்செல்வி. "புண்ணியமாப் போவும் உனக்கு."

வசந்த் படத்தின் மூலையை விரலால் காட்டினான்.

செவ்வாய், மணி ஏழு நாலு. முன்னால் தேதி.

ஏழு.

"தீப்புடிச்சது பதினாலு" என்றாள் தேவகி மெல்ல. "இது போன செவ்வா."

ஷீபா உர மூட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஏழாம் தேதி. பௌர்ணமி. அன்று சாயங்காலம் கரண்ட் போய் ராத்திரி பத்து மணிவரை வரவில்லை. பிள்ளை அருள்தாஸ் நிலா வெளிச்சத்தில் வாசலில் ஆடிக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் பெஞ்சமின் அந்த வாசனையோடு வந்தான். நிலாவில் அவன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தது இப்போது கண்முன் நின்றது. அப்போது ஊரில் எந்தப் போரும் எரியவில்லை.

அவள் குந்தி உட்கார்ந்து அழுதாள். காலையிலிருந்து அழுதது பயத்தில். இது வேறு அழுகை. என் புருஷனையே நான் சந்தேகப்பட்டேனே என்று.

"தெருவிளக்கு அணைஞ்சிருக்கறதப் பாத்ததுமே எனக்கு உறுத்துச்சு" என்றாள் தேவகி, அவள் தோளில் கை வைத்து. "செவ்வாக்கிழம மோட்டார் ஓடிச்சுன்னாங்க. கரண்ட் இல்லாம போர்வெல் ஓடுமா? ஆனா உறுத்தல எடுத்துனு போய் யார் கையில குடுக்கறது?"

அப்போது வாசலில் வண்டி நின்றது. நான்கு மணி ஆகியிருக்க வேண்டும். கடையில் சொல்வதற்குக் கடிகாரம் இல்லை.

சேட்டு உள்ளே வந்தார். அறுபது வயது, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பின்னால் இருபத்தைந்து வயதுத் தமிழ்வாணன். ஷீபா சட்டென்று எழுந்து மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கினாள். பழக்கம், பயமும்தான்.

"குடும்மா செல்வி, அந்த பென் டிரைவ. நேரமாச்சு."

"அண்ணே, இத்தக் கொஞ்சம் பாரு" என்றாள் தமிழ்ச்செல்வி. அவள் குரல் நடுங்கியது.

சேட்டு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சின்னப் பெட்டிக்குள் படம் ஓடியது. தமிழ்வாணன் திரையைப் பார்த்தான். சுருங்கியிருந்த படத்தைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப் போவதை ஷீபா மூட்டை இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

"ஏழா?" என்றார் சேட்டு. "அப்போ இது இன்னாது? கேனத் தூக்கினு எங்க போறான்?"

"அதத்தான் உங்களக் கேக்கறேன் ஐயா" என்றாள் தேவகி. "ஏழாம் தேதி ராத்திரி உங்க வூட்ல இன்னா நடந்துச்சு?"

"இன்னா நடந்துச்சு? கரண்ட் போச்சு. சொக்கம்மாளுக்கு மூச்சு வாங்கிச்சு..." அவர் நிறுத்தினார். "எம் பொஞ்சாதிக்கு ராத்திரி மூச்சு மிஷின் வெக்கணும். ஜெனரேட்டர்ல டீசல் இல்ல. தமிழ்வாணன்தான் ஓடிப் போய்..."

தேவகி தமிழ்வாணன் பக்கம் திரும்பினாள்.

"அவரா கொண்டாந்தாரு?"

சேட்டு திரும்பி மருமகனைப் பார்த்தார். "நீதானேடா கொண்டாந்த? நீதான்னு சொன்னியே?"

தமிழ்வாணன் ஓரடி பின்வாங்கினான்.

"தம்பி பங்க் வரைக்கும் போகல" என்றாள் தேவகி. அதட்டவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்பது போலவே கேட்டாள். "வழியில பெஞ்சமினப் பாத்துக் கேனக் குடுத்திருப்ப. அவரு நொண்டிக்கினே போய் வாங்கியாந்து குடுத்தாரு. சரியா? அதனாலதான், பெஞ்சமின் கேனோட நடக்கற படம் எந்த நாள்ல கீதுன்னு இந்த ஊர்லயே உனக்கு மட்டும் தெரியும்."

"சித்தி வெச்ச பொட்டு மறைச்சிருக்கு, நான் பாக்கல..." என்றான் அவன்.

"நான் வெச்சதாடா?" தமிழ்ச்செல்வி எழுந்துவிட்டாள்.

தேவகி தராசைக் காட்டினாள். "ஆயுத பூஜை முடிஞ்சு ரெண்டு வாரம். அதுல வெச்ச சந்தனம் காஞ்சு வெடிச்சு மண்ணு நெறத்துல கீது. கம்ப்யூட்டர் பொட்டியிலயும் அப்டித்தான். இந்தக் கண்ணாடி மேல கீறது இன்னும் மஞ்சளா, வாசனையா கீது. நேத்து வெச்சது. படம் சின்னதாயிடக் கூடாதுன்னுதான் மவுஸ் பேட்டரியும் நேத்தே போச்சு."

"நான் கண்ணாடி மேல வெக்கவே மாட்டேனே. சட்டத்துலதான் வெப்பேன்" என்றாள் தமிழ்ச்செல்வி. அவள் கண் நிறைந்தது. "நேத்து இத்தப் பாத்துட்டு, பையனுக்கும் பக்தி வந்துடுச்சேன்னு சந்தோஷப்பட்டேனேடா."

அந்த ஒரு வார்த்தைதான் அவனை உடைத்தது. துப்பறிகிறவளின் கேள்வி உடைக்கவில்லை.

"ராக்கெட்டு, மாமா" என்றான். குரல் கீச்சென்று போனது. "தீவாளிக்கு வாங்கினது. சும்மா ஒண்ணு வுட்டுப் பாக்கலாம்னு மாடிலேந்து வுட்டேன். சாய்ஞ்சிடுச்சு. போர் மேல வுழுந்துச்சு. ஓடியாந்து அணைக்கப் பாத்தேன், முடியல. கன்னுக்குட்டி கத்திச்சு மாமா. பயந்துட்டேன். நீங்க பெஞ்சமின் பேரச் சொன்னீங்க. நான் இல்லன்னு சொல்லல. அப்புறம் ஆதாரம் கேட்டீங்க, ஸ்டேஷன் வரைக்கும் போவும்னு நெனைக்கல..."

சேட்டு கையை ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. மெல்ல இறங்கித் துண்டைப் பிடித்துக்கொண்டது. எம் பொண்டாட்டி உசுரக் காப்பாத்தினவன நான் ஸ்டேஷனுக்கு அனுப்பப் பாத்தேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் உதடு அசைந்த விதத்தில் ஷீபாவுக்கு அது கேட்டது.

தமிழ்வாணனின் இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன. ஷீபாவுக்கு அந்த நடுக்கம் நன்றாகத் தெரியும். இரண்டு நாளாக அவளோடு இருந்த நடுக்கம். அவன்மேல் வந்த ஆத்திரம் வந்ததுதான், போகவில்லை. ஆனாலும் அவள் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். மேஜை மேல் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

"குடி" என்றாள். "குடிச்சிட்டுப் போய் அந்தப் பைக்குங்கள வூட்டுக்குப் போவச் சொல்லு. உன் வாயால சொல்லு. என் புள்ள காலைலேந்து வெளிய வர்ல."

அவன் குடித்தான். பாதி சட்டையில் கொட்டியது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளம்பினான். சேட்டும் கூடவே நடந்தார். வாசலில் நின்று, ஷீபாவை நேராகப் பார்க்காமல், "நானும் போறேன் பொண்ணே. காலனிக்கு நானே வந்து சொல்றேன்" என்றார். அந்த மனிதர் காலனிக்குள் கால் வைத்து ஷீபா பார்த்ததில்லை.

வண்டிச் சத்தம் தேய்ந்தது. தமிழ்ச்செல்வி ஈரத் துணியால் கண்ணாடியைத் தானே துடைத்தாள். துடைத்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மேடம்" என்றான் வசந்த், கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு. "பொட்டுக்கு அடியில தேதி கீதுன்னு தெரிஞ்சுதானே படத்தச் சின்னதாக்கச் சொன்னீங்க?"

"தேதி இருக்கும்னு தெரியும். எந்தத் தேதின்னு தெரியாது." தேவகி நோட்டைப் பைக்குள் போட்டாள். "அந்தம்மா கேக்கலன்னா நான் கெளம்பிப் போயிருப்பேன்."

"அப்போ நாம துப்பறியல?"

"உதவி பண்ணோம். மத்தத மேல இருக்கறவன் பாத்துக்கினான்."

"அத்த விசிட்டிங் கார்டுல போட்டா கூட்டம் வராது மேடம்."

அப்போது ஷீபாவின் போன் அடித்தது. தெரியாத எண். காதில் வைத்தாள்.

"ஷீபா? நான்தான். போன் சாரத்துலேந்து வுழுந்து உடைஞ்சிடுச்சு. மேஸ்திரி போன்லேந்து பேசறேன். இன்னா, ஊர்ல எல்லாம் நல்லா கீறாங்களா? புள்ள சாப்ட்டானா?"

ஏழாம் தேதி டீசல் வாங்கிக் கொடுத்ததை ஏன் சொல்லவில்லை என்று அவளுக்குள் ஆயிரம் கேள்வி. ஒன்றையும் கேட்கவில்லை.

"சாப்ட்டான்" என்றாள். "நீ வா."

"நாளைக்கு வேல முடிஞ்சிடும். அந்தக் கட்டம் போட்ட சட்டையத் தொவச்சியா? ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போட்டுக்கணும். வாசன போச்சா?"

"போவல" என்றாள் ஷீபா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மூணு தபா தொவச்சேன். போவ வேணாம்யா. இருந்துட்டுப் போவட்டும்."